நான்காவது ஆண்டிலும் "தற்காலிகம்": உக்ரைனிய அயலவர் பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் 2022 ஏப்ரல் முதல் ஓர் உக்ரைனியத் தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் வசிக்கிறார்கள். அவர் கார்கிவ் நகரில் பல் வைத்தியராக இருந்தவர். மூன்றரை ஆண்டுகள் கழிந்தும் இங்கே ஜேர்மனியில் அவருக்கு நிலையான வேலை இல்லை. வந்த சில வாரங்களிலேயே விசா, வேலை அனுமதி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் கொடுத்து மீள்குடியேற்றிய பிறகும் இவர்களால் ஏன் காலூன்ற முடியவில்லை, இவர்கள் இருப்பார்களா போவார்களா, எங்கள் ஈழத்தமிழ் ஆட்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பெண் எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறார் என்பது ஒன்று. ஏற்றுக்கொண்ட நாட்டில் ஒரு மக்கள் கூட்டம் வேர்விடுவது எதனால் நடக்கிறது, எதனால் நடக்காமல் போகிறது என்பது இன்னொன்று. மூன்றாவது, கடைசி வரியில் இருக்கும் மனத்தாங்கல். அதையும் நான் ஒதுக்கிவிடப் போவதில்லை.

நான் வட ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் 19 ஆண்டுகளாகக் குடிவரவு ஆலோசகராக வேலை செய்கிறேன். வழக்கறிஞர் அல்லன். தனிப்பட்ட ஒருவருடைய கோப்பில் என்ன முடிவு வரும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் எங்கோ சிக்கிக்கொண்டவர்கள். மொழிப் பரீட்சையில் தேறி, வேலை கிடைத்து, வேறு வீடு பார்த்துப் போனவர்கள் என் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே என் அனுபவத்திலிருந்து வரும் செய்திகள் இயல்பாகவே சிக்கல்களின் பக்கம் சாய்ந்திருக்கும். அவற்றை மட்டும் வைத்து, ஜேர்மனியில் இன்று இருக்கும் 10 இலட்சத்துக்கும் அதிகமான உக்ரைனியர்களை எடைபோட்டுவிடக் கூடாது.

நீங்கள் பயன்படுத்திய "மீள்குடியேற்றம்" என்ற சொல்லில் தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. வன்னியிலும் வலிகாமத்திலும் இந்தச் சொல்லுக்கு, இடம்பெயர்ந்தவர் தன் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போவது என்று பொருள். அகதிகள் சட்டத்தில் இதே சொல்லால் குறிப்பது வேறு: ஒரு நாட்டில் தஞ்சமடைந்தவரை, ஐ.நா. அகதிகள் ஆணையம் போன்ற அமைப்பு தெரிவுசெய்து, மூன்றாவது நாடொன்று நிரந்தரமாக வாழ அழைத்துக்கொள்வது. உக்ரைனியர்களின் வரலாற்றில் அப்படி ஒரு மீள்குடியேற்றம் முன்பு நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனி, ஒஸ்திரியா முகாம்களில் இருந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் உக்ரைனியர்களில் பெரும்பகுதியினர் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். போகும்போதே அது திரும்பாத பயணம் என்று அவர்களுக்குத் தெரியும். 2022 இல் நடந்தது இந்த இரண்டில் எதுவும் இல்லை. உங்கள் அயலவருக்குக் கிடைத்தது "தற்காலிகப் பாதுகாப்பு". அந்த முதற்சொல்லைக் கடிதத் தலைப்பில் உள்ள ஓர் அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய வாழ்க்கையில் பின்னால் நடந்த பலவற்றையும் அந்தச் சொல்தான் தீர்மானித்திருக்கிறது.

இதில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் வைக்கிறேன். 1990களின் யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்திலிருந்து 2001 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறியாணையை இயற்றியது. பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் தப்பி வந்தால், ஒவ்வொருவராக விசாரிக்காமல் கூட்டமாகவே பாதுகாப்புக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு தடவைகூடப் பயன்படுத்தப்படாமல் கிடந்தது. 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யாவின் முழுப் படையெடுப்பு தொடங்கி, மார்ச் 4 அன்று ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் முதல் முறையாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வதிவிட அனுமதி, வேலை செய்யும் உரிமை, பிள்ளைகளுக்குப் பாடசாலை, மருத்துவம், தேவைப்பட்டால் சமூக உதவி ஆகியவை இதனால் உடனே கிடைத்தன. ஜேர்மனியில் இது வதிவிடச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. 2022 ஜூன் 1 முதல் அவர்களை அசூல் (அரசியல் தஞ்சம்) கேட்பவர்களுக்கான உதவித் திட்டத்திலிருந்து எடுத்து, உள்நாட்டவர் போகும் அதே ஜொப்சென்டருக்கு, அதாவது உதவித் தொகையும் வேலை ஆலோசனையும் தரும் அலுவலகத்துக்கு, மாற்றினார்கள்.

இந்தத் தொடக்கம் நன்றாக நடந்தது என்பதை நான் தயங்காமல் சொல்வேன், அதற்குக் காரணமும் உண்டு. பயோமெட்ரிக் (கைரேகை போன்றவை பதிந்த) கடவுச்சீட்டு வைத்திருந்த உக்ரைனியர்கள் 2017 முதல் விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் வரலாம் என்பதால், எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்களே தெரிவுசெய்தார்கள். சகோதரி போலந்தில் பழம் பறிக்கிறார், மைத்துனர் ப்ராக் நகரில் கட்டட வேலை செய்கிறார் என்றால் அங்கே போனார்கள். உறவு இருக்கும் இடத்துக்குப் போகிறவருக்கு முதல் நாளே ஒரு கட்டிலும், வேலைத்தலம் பற்றிய தகவலும் கிடைக்கும். ஜேர்மனிக்கு வந்தவர்களிடம் 2022 கோடையின் இறுதியில் நடத்திய பெரிய ஆய்வொன்றில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முகாம்களுக்கு வெளியே, தனியார் வீடுகளில் இருந்தது தெரிந்தது. முகாமில் கழியும் ஒவ்வொரு மாதமும் ஒரு மனிதருடைய கையிலிருந்து எதையோ பறித்துக்கொள்கிறது என்பதைக் கண்டவன் நான். அந்த இழப்பு இவர்களில் பலருக்கு நேரவில்லை.

இனி உங்கள் அயலவர். அவர் சோம்பியிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அதற்கு நன்றி. ஆனால் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். ஜேர்மனியில் பல் வைத்தியம் சட்டத்தால் காக்கப்பட்ட தொழில். மாநில அதிகாரசபை "அப்ரொபட்சியோன்" என்ற உரிமத்தைக் கொடுத்தால்தான் தானாகத் தொழில் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படித்தவர் என்பதால் அவருடைய பட்டம் தானாக ஏற்கப்படாது. பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், வேறுபாடு பெரிது என்று கண்டால் செய்முறையோடு கூடிய தேர்ச்சிப் பரீட்சை வைப்பார்கள். அதற்கு வெளியே, நோயாளியுடனும் சக வைத்தியருடனும் பேசவும் எழுதவும் முடியுமா என்று சி1 மட்டத்தில் (ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஐந்தாம் படி) தொழில்மொழிப் பரீட்சை இருக்கிறது. அரசு தரும் ஒருங்கிணைவு வகுப்போ 600 மணித்தியால மொழியும் 100 மணித்தியால நாட்டறிவும் கொண்டது. அது கொண்டுபோய் விடும் இடம் பி1, அதே அளவுகோலின் மூன்றாம் படி. பி1 என்பது கடையிலும் பேருந்திலும் சமாளிக்கும் ஜேர்மன். பல்லின் வேர்ச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும் ஜேர்மன் அன்று. பி1 இலிருந்து சி1 வரையுள்ள தூரம், பி1 வரை வந்த தூரத்தைவிட நீளமானது. மேல் வகுப்புகள் சிறு நகரங்களில் வருடத்துக்கு ஒரு தடவைதான் தொடங்கும், சில இடங்களில் அதுவும் இல்லை.

இதையெல்லாம் அவர் தனியாகச் செய்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. போர்க்காலச் சட்டப்படி 18 முதல் 60 வயது வரையான ஆண்கள், சில விலக்குகள் தவிர, உக்ரைனை விட்டு வெளியேற முடியாது (2025 ஆகஸ்டில் 22 வயது வரையானோருக்கு அதைத் தளர்த்தினார்கள்). வந்த வயது வந்தோரில் பெரும்பான்மையினர் பெண்களாகவும், அவர்களில் பலர் கணவரில்லாமல் பிள்ளைகளோடு வந்தவர்களாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். ஜேர்மனியின் மேற்கு மாநிலங்களில் கிண்டர்கார்ட்டன் இடங்கள் இலட்சக்கணக்கில் போதாமல் இருக்கின்றன. இது உக்ரைனியர் வருவதற்கு முன்பிருந்தே உள்ள குறை. இரண்டு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய ஒரு தாய், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நடக்கும் தொழில்மொழி வகுப்புக்கு எப்படிப் போவார்? என் மேசைக்கு முன்னால் அழுத பெண்களில் அதிகமானோர் போரை நினைத்து அழவில்லை. நேர அட்டவணையை நினைத்துத்தான் அழுதார்கள். 2022 ஆய்வில் வந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் உயர்கல்வித் தகைமை உள்ளவர்கள் என்று பதிவாகியிருந்தது. ஆசிரியைகள், கணக்காளர்கள், தாதிகள், பொறியியலாளர்கள். எங்கள் மாநிலத்தில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது. ஆனால் உக்ரைனில் ஒரு பாடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியையிடம் இங்கே வழக்கமாக இரண்டு பாடம் கேட்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்புறமாகப் பலர் போலந்தைக் காட்டுவார்கள். அந்த ஒப்பீடு உண்மையான ஒன்றுதான். போலந்தில் வேலை வயதிலுள்ள உக்ரைனிய அகதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் வேலை செய்கிறார்கள். ஜேர்மனியில் 2022 கோடையில் ஏறத்தாழ ஆறில் ஒருவராக இருந்தது, 2025 தொடக்கத்தில் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குத்தான் உயர்ந்தது. போலிஷ் மொழி உக்ரைனிய மொழிக்கு மிக நெருக்கம். போருக்கு முன்பே அங்கே பத்து இலட்சம் அளவில் உக்ரைனியத் தொழிலாளர் இருந்தார்கள். உதவித் தொகை குறைவு என்பதால் உடனே வேலைக்குப் போகாமல் வாழவும் முடியாது. ஆனால் அங்கே வேலைக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் தங்கள் படிப்புக்குக் கீழான வேலைகளில் இருக்கிறார்கள். பொதிகட்டும் கூடத்தில் ஒரு பொருளியல் பட்டதாரி என்பது அங்கே அரிதான காட்சி இல்லை. ஜேர்மனி முதலில் மொழி, பிறகு வேலை என்று பந்தயம் கட்டியது. 2023 ஒக்டோபரில் "ஜொப் டேர்போ" என்ற பெயரில், பி1 முடித்தவுடன் வேலைக்குப் போங்கள், மீதி மொழியை வேலையோடு படியுங்கள் என்று அரசு திசையை மாற்றியது. எது சரி என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. என் அனுபவம் இப்படிச் சொல்கிறது: 25 வயதுக் கணினிக்காரருக்கும் 50 வயதுக் கடை ஊழியருக்கும் வேலை முதலில் வருவது நல்லது, உரிமம் தேவைப்படும் தொழிலில் இருந்தவருக்கு அது பெரும்பாலும் அந்தத் தொழிலின் முடிவு. துப்புரவு வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் சி1 புத்தகத்தைத் திறப்பதில்லை.

ஆயினும் மொழி, உரிமம், பிள்ளைப் பராமரிப்பு ஆகிய மூன்றும் முயற்சியாலும் காலத்தாலும் தீரக்கூடியவை. 2015 இல் சிரியா போன்ற நாடுகளிலிருந்து ஜேர்மனிக்கு வந்தவர்களும் முதல் ஆண்டுகளில் மிக மெதுவாகவே வேலைக்குப் போனார்கள். ஏழெட்டு ஆண்டுகளில் அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். ஆண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பெண்களில் மூன்றில் ஒரு பங்கு என்ற இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. உக்ரைனியர் விடயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது நான்காவது தடை, அதாவது அந்த "தற்காலிகம்" என்ற சொல்.

நெறியாணை எழுதப்பட்டபோது இந்தப் பாதுகாப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்றே எண்ணப்பட்டது. 2025 மார்ச் 4 இல் அது முடிந்திருக்க வேண்டும். 2024 கோடையில் 2026 மார்ச் 4 வரை நீட்டினார்கள், 2025 கோடையில் 2027 மார்ச் 4 வரை நீட்டினார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. ஆனால் அடியில் இருப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். எந்த நாளிலும் அவருடைய கையில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் இருக்கும். மூன்று ஆண்டு அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) கொடுக்க நினைக்கும் ஒரு தச்சுப் பட்டறைக்காரர் வதிவிட அட்டையின் முடிவுத் தேதியைப் பார்க்கிறார். வீட்டு உரிமையாளர் பார்க்கிறார். வங்கி பார்க்கிறது. எல்லோருக்கும் மேலாக அவரே பார்க்கிறார். உரிமத்துக்கு நான்கு ஆண்டு உழைப்பு வேண்டும், அனுமதி ஓராண்டுக்குத்தான் இருக்கிறது என்றால், நியாயமான மனிதர் ஒருவர் அந்த உழைப்பைத் தொடங்குவதற்கே தயங்குவார். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று பதிவுசெய்வது பிழை. இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவாளர் என்ற தகுதி தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது, ஜேர்மனியில் 24ஆம் பிரிவு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குடியுரிமைக்கும் விண்ணப்பிக்க முடியாது. அதாவது எத்தனை ஆண்டு இருந்தாலும், வேறொரு வதிவிட அனுமதிக்கு மாறாத வரை அவர் வாசலில் நிற்கிறார்.

இந்த வாசலில் இதற்கு முன் நின்றவர்கள் பொஸ்னியர்கள். அவர்களுடைய கதையை நான் புதிதாக வரும் ஒவ்வொரு சக ஊழியருக்கும் சொல்வதுண்டு, ஏனென்றால் ஒரே போரிலிருந்து தப்பிய ஒரே மக்களை வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு விதமாக நடத்தி, முடிவு என்னவென்று நமக்குக் காட்டிவிட்டன. 1992 முதல் ஜேர்மனி ஏறத்தாழ 3.5 இலட்சம் பொஸ்னியர்களை ஏற்றது. ஐரோப்பாவில் வேறெந்த நாடும் அத்தனை பேரை ஏற்கவில்லை, அதை மறக்கக் கூடாது. ஆனால் பெரும்பாலோருக்குக் கொடுத்தது "டுல்டுங்", வெளியேற்றத்தைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கும் தாள். 1995 இறுதியில் பொஸ்னியப் போரை முடித்த டேய்டன் உடன்படிக்கை வந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களில் பெரும்பான்மையினர் போக வேண்டியதாயிற்று. தங்கள் பழைய ஊர் இப்போது வேறு இனத்தாரின் கையில் இருந்ததால், திரும்பியவர்களில் பலர் சொந்த வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் பலர் அமெரிக்காவுக்குப் போனார்கள். டென்மார்க் முதலில் தனிச் சட்டம் போட்டு அசூல் கோரிக்கைகளை நிறுத்திவைத்தது. திரும்பப் போகிறவர்கள்தானே என்று பிள்ளைகளுக்கு முகாமுக்குள் அவர்களுடைய மொழியிலேயே பாடம் நடத்தியது. 1995 இல் அது பயனற்றது என்று கண்டு மாற்றிக்கொண்டது. சுவீடன் 1993 ஜூனில் வேறு முடிவெடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு விசா கட்டாயம் என்று கதவைச் சாத்திய அதே நாளில், உள்ளே காத்திருந்த ஏறத்தாழ 40,000 பொஸ்னியர்களுக்கு நிரந்தர வதிவிடம் கொடுத்தது. 1990களின் பொருளாதார நெருக்கடியில் அவர்களுக்கும் வேலை கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. ஆனால் இருக்கப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் படித்தார்கள், இடம்மாறினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இன்று சுவீடனில் நன்றாக வேரூன்றிய குடிவரவாளர்களைப் பற்றிப் பேசும்போது பொஸ்னியர்களின் பெயர் முதலில் வருகிறது.

நிரந்தரம் கொடுத்தால் ஒருவரும் திரும்பிப் போக மாட்டார்கள், உக்ரைனை யார் கட்டியெழுப்புவது என்ற வாதத்தை இங்கே நீங்கள் எழுப்பலாம். உக்ரைனின் தலைநகர் கியிவில் உள்ளவர்கள் இதை மிகுந்த வலியோடு எழுப்புகிறார்கள், அந்த வலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருங்கிணைவும் திரும்பிப் போதலும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தைச் சான்றுகள் தாங்கவில்லை. ஜேர்மனியிலிருந்து திரும்பிய முன்னாள் யூகோஸ்லாவியர்களைப் பற்றிப் பொருளியலாளர்கள் செய்த ஓர் ஆய்வில், அவர்கள் இங்கே எந்தத் தொழில்துறைகளில் வேலை செய்தார்களோ அந்தத் துறைகளின் ஏற்றுமதி அவர்களுடைய நாடுகளில் பின்னர் கூடுதலாக வளர்ந்தது தெரியவந்தது. இங்கே கைத்தொழில் பழகியவர் அங்கே கருவியோடு போனார். நான்கு ஆண்டு காத்திருப்பு வரிசையில் நின்றவரிடம் கொண்டுபோக என்ன இருக்கும்?

அப்படியானால் இவர்கள் இருப்பார்களா? இங்கே நான் உறுதியான தரையை விட்டு இறங்குகிறேன். உக்ரைனிய ஆய்வு நிலையம் ஒன்று வெளிநாட்டில் உள்ளவர்களிடம் தொடர்ந்து கேட்டுவருகிறது. 2022 இறுதியில் நான்கில் மூன்று பங்கினர் திரும்ப எண்ணியிருந்தார்கள், 2024 இறுதியில் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எண்ணம் வேறு, செயல் வேறு. ஆகவே இந்த எண்களை எதிர்வுகூறலாக எடுக்க வேண்டாம். போர் எப்படி முடிகிறது என்பதிலேயே பெரும்பகுதி தங்கியிருக்கிறது. போரில் அழிந்த மரியுபோல், பக்முத் ஆகிய ஊர்களின் மக்களுக்குத் திரும்பப் போக ஊரே இல்லை. மேற்கு உக்ரைனின் லிவிவ் நகர மக்களுக்கு இருக்கிறது. உங்கள் அயலவரின் கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து 40 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. கணவர் உயிரோடு மீண்டால் குடும்பம் எந்தப் பக்கம் சேரும் என்பது அடுத்த கேள்வி. இவை எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளின் வயதை நான் உற்றுப் பார்ப்பேன். ஒன்பது வயதில் வந்த பிள்ளைக்கு 2027 மார்ச்சில் பதினான்கு ஆகும். ஜேர்மன் பாடசாலைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அவர்களில் பலர் காலையில் இங்கேயும் மாலையில் இணையவழி உக்ரைனியப் பாடசாலையிலும் இரண்டு பாடத்திட்டங்களைச் சுமந்தார்கள். அந்த மாலை வகுப்பை எந்த மாதம் கைவிட்டார்கள் என்று தாய்மாரிடம் நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் குடும்பத்தின் முடிவும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் எடுக்கப்பட்டிருக்கும்.

அரசுகளும் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களை வேலை, படிப்பு, குடும்பம் ஆகிய அடிப்படைகளில் உள்ள வதிவிட அனுமதிகளுக்கு மாற்றும்படியும், திரும்ப விரும்புகிறவர்கள் போய்ப் பார்த்துவர வழிசெய்யும்படியும் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. செக் குடியரசு ஆண்டுக்கு 4,40,000 கொருனா வருமானம் காட்டுகிறவர்களுக்கு ஐந்தாண்டு வதிவிடம் தரத் தொடங்கியது. அது நல்ல வழி, ஆனால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு எட்டாத உயரத்தில் உள்ள வழி. பிரித்தானியா மூன்றாண்டு விசா முடிந்தவர்களுக்கு 18 மாதம் நீட்டியது, அந்தக் காலம் நிரந்தர வதிவிடத்துக்குக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டது. ஜேர்மனியில் 2025 இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசு, 2025 ஏப்ரல் 1க்குப் பின் வந்தவர்களை ஜொப்சென்டரிலிருந்து மீண்டும் அசூல் உதவித் திட்டத்துக்கு மாற்ற முடிவுசெய்திருக்கிறது. தனியாள் ஒருவருக்கு 2025 கணக்கில் அது 563 யூரோவுக்கும் 441 யூரோவுக்கும் இடையிலான வித்தியாசம். தொகையைவிட, ஜொப்சென்டரோடு சேர்ந்து வரும் மொழி வகுப்பும் வேலை ஆலோசனையும் தளர்ந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை. உங்கள் அயலவர் 2022 இல் வந்ததால் இது அவரைத் தொடாது.

இனி அந்தக் கடைசி வரி. எங்கள் ஆட்களுக்கு இது கிடைக்கவில்லை என்பது உண்மை. என் அப்பா 1985 இல் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, சுரங்க ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து அசூல் கேட்டவர். அந்த ஆண்டுகளில் அசூல் கேட்டவர்களுக்கு வேலைத்தடை இருந்தது, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியில்லாமல் தாண்டினால் தண்டம் இருந்தது. பிறகு பல ஆண்டுகள் டுல்டுங். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க விடிகாலையில் வரிசையில் நின்றார். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். மொழி வகுப்புக்குப் போங்கள் என்று யாரோ சொன்னபோது, அடுத்த மூன்று மாதத்தில் அனுப்பிவிட்டால் இந்த மொழி எதற்கு என்று கேட்டாராம். 1995 இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தபோது அவருக்கு வயது 44. படிப்பிக்கப் போக அது பிந்திய வயது. சிரியர்களுக்கு 2015 இல் இந்த நெறியாணையை எடுக்கவில்லை, ஆப்கானியர்களுக்கு 2021 இல் எடுக்கவில்லை. உக்ரைனிலிருந்தே தப்பிய வெளிநாட்டு மாணவர்களில், சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியும் என்று கருதப்பட்டவர்கள் இதற்குள் வரவில்லை. இந்த வேறுபாட்டை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதன் கணக்கை மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் தீர்க்க முடியாது. எங்களுக்கு நடந்ததிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, அவருக்கும் அதே பத்தாண்டு வீணாகக் கூடாது என்பதுதான்.

ஆகவே நடைமுறைக்கு வருகிறேன். அவர் விரும்பினால் மட்டும், நான்கு விடயங்களை அவரிடம் கேட்டுப் பாருங்கள். உரிம விண்ணப்பத்தை மாநில அதிகாரசபையில் பதிந்துவிட்டாரா? மொழி போதாது என்று காத்திருக்கத் தேவையில்லை. பட்டத்தை ஒப்பிடும் வேலைக்கே மாதக்கணக்காகும், அது ஒரு பக்கம் ஓடட்டும். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளும் உறுதிப்படுத்தலும் அவர் கையில் இருக்கின்றனவா, கார்கிவ் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் எதையாவது எடுக்க வேண்டுமா? அடுத்தது, மேற்பார்வையின் கீழ் தொழில் செய்யும் தற்காலிகத் தொழில் அனுமதியைப் பற்றி அவருக்கு யாராவது சொன்னார்களா? அது அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும், ஒரு பல் வைத்திய நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் தொழில்மொழி வகுப்பறையைவிட வேகமாக வரும். துப்புரவு வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, நாள் முழுவதும் காதில் விழும் சொற்கள். நான்காவது, 2027 மார்ச்சைக் காத்திருக்காமல், உரிமமோ தகைமைக்குரிய வேலையோ கிடைத்தவுடன் தகைமையுள்ள பணியாளருக்கான வதிவிட அனுமதிக்கு மாறுவது பற்றி ஓர் ஆலோசகரோடு பேசியிருக்கிறாரா? இந்த ஆலோசனை ஜேர்மனி முழுவதும் இலவசம். உங்கள் நகரத்திலோ அருகிலோ இருக்கும். எந்த அனுமதியையும் விட்டுக்கொடுக்கும் முன் அங்கே கேட்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மாறும் வரிசை பிழைத்தால் உதவித் தொகை இடையில் நின்றுவிடலாம்.

இவற்றோடு உங்களால் மட்டும் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அவருடைய தொழில்மொழி வகுப்பு எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள். அவற்றில் ஒரு நாளாவது சின்னப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து ஆறு மணி வரை உங்கள் வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். பரீட்சைத் தேதி கிடைத்ததும் எனக்கு இதே இடத்தில் எழுதுங்கள். வாய்மொழிப் பகுதிக்கு எப்படித் தயாராவது என்று நான் மற்றவர்களோடு பயிற்சி செய்யும் முறையைச் சொல்லித் தருகிறேன்.